கடன் வாங்கி நர்சிங் படித்த பிள்ளை ஜெர்மனிக்குப் போனால் அது துரோகமா?

குழித்துறைக்காரன்:

கோபத்தில் எழுதுகிறேன், கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண வீட்டுப் பந்தி. பக்கத்து இலையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். பிரதமனில் பப்படத்தை நொறுக்கிக்கொண்டே, "உம்ம மகளும் ஓடப் போறாளாமே? படிக்க வைக்கிறது இந்த நாடு, வேலை வாங்குறது வெள்ளைக்காரன்" என்றார். எனக்கு அதற்கப்புறம் இலையில் கை போகவில்லை.

என் மகளை இந்த நாடு படிக்க வைக்கவில்லை. தனியார் கல்லூரியில் பி.எஸ்சி நர்சிங். வங்கியில் நாலு லட்சம் வரை ஈடு கேட்க மாட்டார்கள் என்பதால் சரியாக நாலு லட்சம் கடன். மீதிக்கு அவள் அம்மாவின் வளையல். இப்போது 300 படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் இருக்கிறாள். சம்பளம் 15,500. கடன் தவணை 7,400. இது மூன்றாவது வருடம்.

ராத்திரி ஒன்பது மணி முதல் பத்தரை வரை போனில் ஜெர்மன் வகுப்பு. அடுக்களையில் எல்லாச் சாமானிலும் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறாள். அந்த மொழியில் கரண்டி ஆணாம், முள்கரண்டி பெண்ணாம், கத்தி இரண்டும் இல்லையாம். டெர் லொஃபெல், டி காபெல், தாஸ் மெஸ்ஸர். எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அம்மிக்கு என்ன என்று கேட்டேன், அந்த ஊரில் அம்மி கிடையாது என்றாள்.

போனவர்கள் ஏன் போனீர்கள் என்று சொல்லுங்கள். துரோகம் என்று நினைப்பவர்களும் எழுதுங்கள், ஆனால் கணக்கோடு எழுதுங்கள்.

கணக்குப்புலி:

அண்ணாச்சி, உங்கள் மகளை விடுங்கள். கடன் வாங்கிப் படித்தவர் எங்கே வேண்டுமானாலும் போகலாம், அதில் யாருக்கும் வாய் கிடையாது. என் ஆத்திரம் அரசு மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுப் போகிற டாக்டர்கள் மேல்தான். அங்கே மாணவன் கட்டுகிற கட்டணம் ஒரு நல்ல செல்போன் விலைகூட வராது. ஆஸ்பத்திரி, பேராசிரியர், பிணவறை, பரிசோதனைக்கூடம் எல்லாம் நம் வரிப்பணம். பாடம் கற்றுக்கொண்டது நம் ஊர் ஏழை நோயாளியின் உடம்பில். அப்புறம் இங்கிலாந்துத் தேர்வை எழுதிவிட்டு விமானம் ஏறினால் அதற்கு என்ன பெயர்? கடன் என்றால் வங்கிக் கடன் மட்டும்தானா?

சிவப்பு ஏப்ரன்:

நான் பாளையங்கோட்டைப் பக்கம். இங்கிலாந்தில் எட்டு வருடமாக வார்டு நர்ஸ். அண்ணாச்சி கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

ஊரில் நான் கடைசியாகப் பார்த்த வேலை ஒரு பெரிய தனியார் மருத்துவமனையின் ஆண்கள் வார்டு. இரவில் 32 நோயாளிகளுக்கு இரண்டு பேர். அதில் ஒருத்தி புதுப்பிள்ளை, ஆறு மாதம் ஆகவில்லை. மூன்று மணிக்கு ஒரு சலைன் பாட்டில் தீர்ந்து ரத்தம் குழாயில் ஏறி நிற்கும். அதே நேரத்தில் இன்னொரு படுக்கைக்காரரின் மச்சான் வந்து, ஏசி வேலை செய்யவில்லை என்று சத்தம் போடுவார். கீழே பில்லிங்கிலிருந்து போன் வரும், டிஸ்சார்ஜ் ஃபைலை எடுத்துக்கொண்டு வா என்று. ஒரு கையில் ஊசி மருந்து, மறு கையில் போன். ஒருநாள் அப்படித்தான் பக்கத்துப் படுக்கை மருந்தை மாற்றிப் போடப் போனேன். ஊசியைக் கையில் எடுத்தாயிற்று. அந்தப் பெரியவர் "எனக்கு இப்பத்தானே போட்டீங்க" என்றார். அவர் தூங்கியிருந்தால்?

மறுநாள் காலையில் கண்காணிப்பாளரிடம் நானே போய்ச் சொன்னேன், இன்னொரு ஆள் வேண்டும் என்று. கிடைத்தது மெமோ. ஒருநாள் சம்பளமும் பிடித்தார்கள். அன்றைக்குத்தான் ஐ.இ.எல்.டி.எஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்கான வகுப்பில் சேர்ந்தேன்.

இங்கே வந்த முதல் வாரத்தில் மருந்து கொடுக்கப் போகும்போது ஒரு சிவப்பு ஏப்ரன் தந்தார்கள். மருந்து கொடுக்கிறேன், பேச்சுக் கொடுக்காதீர்கள் என்று அதில் எழுதியிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் பெரிய டாக்டர்கூட ஒதுங்கி நின்றுவிட்டு அப்புறம்தான் கேட்பார். அன்று கழிப்பறையில் போய் அழுதேன். சிரிக்காதீர்கள்.

எல்லாம் தேன் என்று சொல்ல வரவில்லை. ஐ.இ.எல்.டி.எஸ் நான்கு பகுதியில் எழுத்துப் பகுதி என்னை மூன்று முறை காலை வாரியது. கடைசியில் ஓ.இ.டி என்று மருத்துவத் துறையினருக்கான இன்னொரு ஆங்கிலத் தேர்வு எழுதித்தான் தேறினேன். இங்கே வந்தபிறகு செய்முறைத் தேர்வு வேறு. அதில் கை கழுவும் முறை தப்பினால்கூட போச்சு. ஊரில் ஐசியுவில் வென்டிலேட்டர் பார்த்தவள், இங்கே நர்ஸ்களின் தொடக்கச் சம்பளப் படியான ஐந்தாம் பேண்டில் கீழிருந்து மறுபடி தொடங்கினேன். என் கூட வந்த மலையாளிப் பெண் ஊரில் வார்டுக்கே இன்சார்ஜ், அவளுக்கும் அதே ஐந்தாம் பேண்டுதான். வாடகையும் குழந்தைக் காப்பகமும் போனால் கையில் நிற்பது ஊரில் நினைக்கிற அளவு இல்லை. ஆனால் ஆள் குறைந்தால் எழுதிக் கொடுக்கலாம். எழுதினால் மெமோ வராது.

பழைய பேட்ச்:

தனியாரை மட்டும் ஏன் சொல்கிறீர்கள்? நான் அரசு வேலையில் இருப்பவள். 2015-இல் எம்.ஆர்.பி என்ற அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி ஒப்பந்தத்தில் ஏழாயிரத்துச் சொச்சம் பேர் சேர்ந்தோமே, அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. அன்றைக்குத் தொகுப்பூதியம் 7,700. இரண்டு வருடம் முடிந்தால், காலியிடத்தைப் பொறுத்து நிரந்தரம் என்றார்கள். அந்த "காலியிடத்தைப் பொறுத்து" என்ற இரண்டு வார்த்தையில்தான் எங்கள் வயது கரைந்தது.

2017 நவம்பரில் தேனாம்பேட்டையில் சுகாதாரத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ் வளாகத்தில் ஆயிரக்கணக்கில் போய்ப் போராட்டத்துக்கு உட்கார்ந்தோம். அப்புறம் 14,000 ஆனது, அப்புறம் 18,000. ஒரே வார்டில், ஒரே யூனிஃபார்மில், ஒரே ஊசியைப் போடுகிற நிரந்தர நர்ஸுக்கு எங்களைவிடப் பல மடங்கு. கொரோனா நேரத்தில் எடுத்தவர்கள் கதை இன்னும் மோசம். பூ தூவினார்கள், தட்டு தட்டினார்கள். 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு வேலை இல்லை என்று அனுப்பினார்கள், இரண்டாயிரம் பேருக்கு மேல்.

என் ரூம்மேட் அந்த வாரமே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாள். இப்போது ஓமனில் இருக்கிறாள். கணக்குப்புலி சார், அவள் யாருக்குத் துரோகம் செய்தாள்?

கணக்குப்புலி:

நான் டாக்டர்களைச் சொன்னேன். நர்ஸ்களைச் சொல்லவில்லை. தெளிவாகத்தானே எழுதினேன்?

பழைய வக்கீல்:

சண்டைக்கு நடுவில் ஒரு சட்டச் சங்கதி. குழித்துறை நண்பர் 300 படுக்கை என்று எழுதியதைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் சம்பளம் பற்றி ஒரு குழு அமைக்கச் சொன்னது. அந்தக் குழு அதே வருடம் பரிந்துரையும் தந்தது. 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம். 100-லிருந்து 200 வரை என்றால் அதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50-லிருந்து 100 வரை 25 சதவீதம். ஐம்பதுக்கும் கீழே உள்ள சின்ன ஆஸ்பத்திரிகூட 20,000-க்குக் குறையாமல் தர வேண்டும்.

ஆக, காகிதத்தின்படி பத்துப் படுக்கை ஆஸ்பத்திரியே தர வேண்டிய தொகை உங்கள் மகளுக்கு 300 படுக்கையில் வரவில்லை. பரிந்துரை என்பதால் மாநிலங்கள்தான் சட்டமாக்க வேண்டும். கேரளத்தில் நர்ஸ்கள் வேலைநிறுத்தம் செய்து, 2018-இல் குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பு வாங்கினார்கள். குழித்துறைக்கும் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாறசாலைக்கும் நடுவில் எத்தனை கிலோமீட்டர்?

குழித்துறைக்காரன்:

பஸ்ஸில் அரைமணி நேரம். அங்கே போய் வேலை பார்க்கலாமே என்று நானும் சொன்னேன். அங்கே இருப்பவர்களே அயர்லாந்து போய்க்கொண்டிருக்கிறார்கள் அப்பா என்றாள்.

வல்லிபுரத்தான்:

நான் யாழ்ப்பாணம். கணக்குப்புலி அண்ணை சொல்லும் ஆள் நான்தான். எனவே நானே வந்து கூண்டில் ஏறுகிறேன்.

முதலாம் வகுப்பிலிருந்து எம்.பி.பி.எஸ் வரை ஒரு சதம் கட்டணம் கட்டவில்லை. இலங்கையில் இலவசக் கல்வி. யாழ் மருத்துவ பீடத்தில் படித்தேன். உள்ளகப் பயிற்சி, பிறகு வன்னியில் ஒரு சிறிய வைத்தியசாலை, பிறகு மேற்படிப்பு. எங்களுடைய நாட்டில் விசேட வைத்தியர் ஆவதற்குக் கடைசிக் கட்டத்தில் வெளிநாட்டுப் பயிற்சி கட்டாயம். அதாவது திரும்பி வராவிட்டால் பணம் கட்ட வேண்டும் என்று அரசாங்கமே பிணை எழுதி வாங்கிக்கொண்டு, சம்பளத்தையும் தந்து, இங்கிலாந்துக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ அனுப்பிவைக்கிறது. வாசல் வரை கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு, ஏன் போனாய் என்று கேட்பது போலத்தான்.

நான் போனது 2021 கடைசி. திரும்பத்தான் இருந்தேன், சத்தியமாக. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய்ச் சொச்சம். மே மாதம் 360. பேராதனை வைத்தியசாலையில் மருந்து இல்லாமல் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தினார்கள் என்று இங்கே இருந்து செய்தி வாசித்தேன். என் நண்பன் பெற்றோலுக்கு இரவு முழுக்க வரிசையில் நின்றுவிட்டு, அப்படியே காலையில் கிளினிக் பார்க்கப் போனான். ஜூனில் அரசாங்கம் ஒரு சுற்றறிக்கை விட்டது: அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போகலாம். டொலர் வேண்டுமாம். அடுத்த தையில் வருமான வரி 36 வீதம் வரை ஏறியது. போ என்று ஒரு கை தள்ளுகிறது, போகாதே என்று மறு கை சட்டையைப் பிடிக்கிறது.

ஒரு விடயம் வெட்கத்தோடு சொல்ல வேண்டும். என் பிணைப் பணம் ரூபாயில் எழுதியது. ரூபாய் விழுந்தபோது அதுவும் விழுந்தது. பயந்துகொண்டிருந்த தொகையைச் சில மாதச் சம்பளத்தில் கட்டி முடித்தேன். கட்டிய அன்று இரவு சாப்பிட முடியவில்லை. என் ஆச்சிக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது பார்த்த வைத்தியர், மூன்று பேர் செய்யும் வேலையைத் தனியே செய்துகொண்டிருந்தார். மற்ற இரண்டு பேரில் ஒருவன் என் வகுப்புத் தோழன். மற்றவன் நான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊருக்கு இது புதிதும் அல்ல. 1983-க்குப் பிறகு போன வைத்தியர்கள் சம்பளத்துக்காகப் போகவில்லை. 1987 ஒக்டோபரில் பெரியாஸ்பத்திரிக்கு உள்ளேயே வைத்தியர்களையும் தாதியரையும் நோயாளரையும் சுட்டுக்கொன்ற ஊர் அது. இன்னும் பின்னால் போனால், மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் 1860களில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பிக்கத் தொடங்கினார். அதற்கு ஒரு காரணம், ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்கு வெளியூர் போய்விடுகிறார்கள், தமிழில் படித்தால் கிராமத்தில் நிற்பார்கள் என்பது. நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக இதே தலையிடி!

சிவப்பு ஏப்ரன்:

வல்லிபுரத்தான் அண்ணா, நேர்மையாக எழுதினீர்கள்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். இழுக்கிறவர்களிடம் ஏன் ஆள் இல்லை? இங்கிலாந்தில் நர்சிங் மாணவர்களுக்கு அரசு தந்துவந்த உதவித்தொகையை 2017-இல் நிறுத்தினார்கள், கடன் வாங்கிப் படி என்று. சொந்தப் பிள்ளைகள் அந்தப் படிப்புக்கு வருவது குறைந்தது. 2020-இல் வருடத்துக்கு 5,000 பவுண்டு என்று ஓரளவு திருப்பித் தந்தார்கள். இடையில் யார் வார்டை நிரப்பியது? நாங்கள். ஒரு நர்ஸை வளர்த்து எடுக்க ஆகும் செலவை, அண்ணாச்சியின் வீட்டு வளையல் கட்டுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி உலகத்தில் ஏழு நர்ஸில் ஒருவர் பிறந்த நாட்டில் வேலை பார்க்கவில்லை.

ஒட்டகப்பால்:

என் மனைவி சவூதியில் நர்ஸ், நான் கூட வந்தவன். வளைகுடாவுக்கு மொழித் தொல்லை இல்லை. டேட்டாஃப்ளோ என்ற நிறுவனத்தில் சர்டிபிகேட் சரிபார்ப்பு, பிராமெட்ரிக் என்ற கணினித் தேர்வு, அவ்வளவுதான். சம்பளத்துக்கு வரியும் இல்லை. ஆனால் குடியுரிமை கிடையாது, ஒருநாள் மூட்டை கட்டத்தான் வேண்டும்.

கடன் என்ன செய்யும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2014-இல் ஈராக்கின் திக்ரித் நகரை ஐ.எஸ் பிடித்தபோது அங்கே ஆஸ்பத்திரியில் 46 இந்திய நர்ஸ்கள் மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் தூத்துக்குடி, மற்றவர்கள் கேரளம். ஜூலையில் பத்திரமாகக் கொச்சி வந்து சேர்ந்தார்கள், அது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் நடந்ததுதான் எனக்கு மறக்கவில்லை. ஊருக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்கிறோம் என்றபோது பலர் தயங்கினார்கள். சம்பளப் பாக்கி வரவில்லை, வந்து கடனை எப்படி அடைப்பது என்று கேட்டார்கள். வெளியே குண்டு, ஊரில் வட்டி. எதற்கு அதிகம் பயப்படுவது என்று யோசித்திருக்கிறார்கள்.

கணக்குப்புலி:

இது எனக்குத் தெரியாத விஷயம். சரி, டாக்டர் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. வல்லிபுரத்தான் வெட்கப்படுகிறார் என்பதே என் கட்சிக்குச் சாட்சி. ஆனால் பிணைப் பத்திரத்தால் யாரையும் கட்டிவைக்க முடியாது என்று அவர் கதையே காட்டிவிட்டது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். அவர் மட்டும் திரும்பிப் போனால் அந்த மூன்று பேர் வேலை இரண்டு பேர் வேலை ஆகும். இதற்கு என்ன பதில், வல்லிபுரத்தான்?

வல்லிபுரத்தான்:

பதில் இல்லை, அண்ணை. மகள் இங்கே இரண்டாம் வகுப்பு. ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் என்கிறேன்.

ஸ்டுட்கார்ட் சாம்பார்:

அண்ணாச்சி, ஜெர்மனியில் நர்ஸாக இருக்கிறேன், தர்மபுரிக்காரி. மகளிடம் இதைப் படிக்கக் கொடுங்கள்.

வந்த உடனே நர்ஸ் என்று யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். அனெர்கென்னுங் என்று ஓர் அங்கீகாரம் வாங்க வேண்டும். அதுவரை உதவியாளர் வேலை, உதவியாளர் சம்பளம். பெரும்பாலும் ஓரளவு சரளமாகப் பேசுகிற பி2 அளவு மொழியும், ஒரு தேர்வோ பயிற்சிக் காலமோ முடிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இந்த இடைக்காலச் சம்பளம் எவ்வளவு, தேர்வுச் செலவு யாருடையது, பாதியில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற மூன்றையும் கையெழுத்துக்கு முன்னால் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து வேலை. இங்கே நோயாளிக்குத் துணையாக வீட்டு ஆள் தங்க மாட்டார்கள். குளிப்பாட்டுவது, பல் துலக்கிவிடுவது, மலம் துடைப்பது எல்லாம் நர்ஸ் கையில்தான். நம் ஊரில் ஆயா அம்மாவும் நோயாளியின் மகளும் செய்வதை நான் இங்கே டிகிரி வைத்துக்கொண்டு செய்கிறேன். முதல் மாதம் இதற்குத்தானா நாலு வருடம் படித்தேன் என்று தோன்றியது. 91 வயதுப் பாட்டி ஒருவர் ஒவ்வொரு நாளும் தலை வாரிவிட்ட பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்வார். ஸ்வாபிய வட்டார வழக்கு, ஒரு வார்த்தை புரியாது. வகுப்பில் சொல்லித்தருகிற ஜெர்மன் வேறு, பாட்டிகள் பேசுகிற ஜெர்மன் வேறு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

லெஸ்டர்வாசி:

ஏஜென்ட் விஷயத்தை யாரும் தொடவில்லையே. இங்கிலாந்தில் 2022 பிப்ரவரியில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு விசா திறந்தார்கள். நர்சிங் படித்த பெண்கள்கூடப் பதிவுத் தேர்வு எழுதப் பொறுமை இல்லாமல் அதில் வந்தார்கள். விசாவுக்காக வேலை தருகிற நிறுவனம் கொடுக்கும் ஸ்பான்சர் சான்றிதழை விற்பது சட்டவிரோதம். ஆனாலும் பத்து லட்சம், பதினைந்து லட்சம் என்று ஊரில் விற்றார்கள். வந்து பார்த்தால் சொன்ன மணி நேரத்துக்கு வேலை இல்லை, சிலருக்கு நிறுவனமே இல்லை. 2024 மார்ச்சில் குடும்பத்தைக் கூட்டிவரத் தடை, 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதற்கே தடை. என் வீட்டு மாடியில் தங்கியிருந்த பெண் நிலத்தை விற்று வந்தவள். ராத்திரியில் அவள் அறையில் விளக்கு அணையவே அணையாது.

இந்தியச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டியும் மட்டும்தான். சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள். லட்சம் என்ற வார்த்தை வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

குழித்துறைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. கணக்குப்புலிக்கும் சேர்த்துத்தான். வாத்தியாரிடம் காட்டலாம் என்று அச்சடிக்கக் கடைக்குக் கொடுத்தேன், பதினோரு பக்கம் வந்தது. அப்புறம் கொண்டுபோகவில்லை. அவருடைய மகன் கத்தாரில் இன்ஜினியர் என்று கடைக்காரன்தான் ஞாபகப்படுத்தினான்.

மகள் இரவு முழுக்க உட்கார்ந்து படித்தாள். கீழே இருப்பது அவள் எழுதச் சொன்னது, அப்படியே தருகிறேன்.

"அப்பா எழுதிய சம்பளம் தப்பு. 15,500 என்பது காகிதத்தில். பி.எஃப், யூனிஃபார்ம், சாப்பாட்டுப் பிடித்தம் போக 13,200 வருகிறது. இதை நான் வீட்டில் சொல்லவில்லை. ஸ்டுட்கார்ட் அக்கா சொன்ன மூன்றையும் ஒப்பந்தத்தில் தேடினேன். இரண்டு இருக்கிறது. பாதியில் விலகினால் எவ்வளவு என்பது இல்லை, கேட்டு மெயில் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்த பிறகுதான் கையெழுத்து. வல்லிபுரத்தான் அண்ணாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: உங்கள் ஆச்சி இப்போது நடக்கிறாரா?"

வல்லிபுரத்தான்:

நடக்கிறா, தங்கச்சி. கோல் ஊன்றி, கிணற்றடி வரை.